சீருடையைக் கழற்றிய பிறகும்

தைப்பூசத்துக்கு முதல் நாளே வடலூரில் காக்கிச் சட்டைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். உள்ளூர்க் காவலர்கள் போதாமல் வெளியிலிருந்தும் வேன்களில் வருவார்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கும். யார் எந்த இடத்தில் நிற்பது என்று ரோல் காலில் பிரித்துக் கொடுப்பார்கள். விடிந்ததும் சத்திய ஞான சபையின் ஏழு திரைகளும் விலகிச் சோதி தெரியும். பெருவெளியில் நிற்கும் லட்சக்கணக்கானோரின் கண்களும் அந்த ஒரே திசையில் இருக்கும். அந்த நேரத்தில் அதைப் பார்க்காமல் எதிர்த்திசையில் திரும்பி நிற்பவர் பந்தோபஸ்துக் காவலர் ஒருவர்தான். கூட்டம் சோதியைப் பார்க்க, அவர் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். நெரிசலில் ஒரு குழந்தை கை நழுவினால் முதலில் தெரியவேண்டியது அவருக்குத்தான்.

டியூட்டி எப்போது முடியும் என்று அவரிடம் கேட்டால், கூட்டம் கலைந்த பிறகு என்பார். சட்டம் சொல்லும் பதில் வேறு. காவல் அலுவலர் ஒவ்வொருவரும் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது அது. அவர் மப்டியில் கடைத்தெருவில் நடக்கலாம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கலாம். கண்ணெதிரே ஒருவர் கத்தியை உருவினால், நான் இன்று லீவு என்று அவர் ஒதுங்க முடியாது. பத்து நிமிடம் முன்பு வரை பந்தியில் இருந்தவர் அந்தக் கணத்தில் காவலர்.

எப்போதும் பணியில் இருப்பவருக்கு எப்போதும் நடத்தை விதியும் உண்டு. தமிழ்நாட்டில் காவலர் முதல் ஆய்வாளர் வரையிலானவர்களுக்கு அது 1964-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகள். அன்பளிப்பு வாங்குவது, கடன் படுவது, நிலம் வாங்கினால் தெரிவிப்பது, சொந்தமாக வியாபாரம் செய்வது, அரசியல் கட்சியில் சேர்வது, முதல் மனைவி இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்வது, வரதட்சணை கேட்பது, குடித்துவிட்டுப் பொது இடத்துக்கு வருவது என்று வீட்டுப் பெட்டி முதல் படுக்கையறை வரை அவை எட்டிப் பார்க்கின்றன. மீறினால் 1955-ஆம் ஆண்டின் ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் காத்திருக்கின்றன. சிறிய தண்டனைக்கு 3(அ), பெரியதற்கு 3(ஆ), ஆங்கிலத்தில் 3(b). நிலையத்தில் யாருக்காவது ‘மூணு பி’ வந்திருக்கிறது என்றால் அன்று அங்கே யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், இவற்றில் எது வேண்டுமானாலும் அந்த உறைக்குள் இருக்கலாம்.

இவற்றுக்கு மேல் நாடாளுமன்றம் 1966-இல் காவல்படைகளின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் இயற்றியது. உரிய அனுமதியில்லாமல் காவலர் தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது, பத்திரிகையோடு பேசக்கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை. மின்வாரியத் தொழிலாளிக்கும் ஆசிரியருக்கும், நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கும் இருக்கிற சங்கம் அந்தச் சுரங்க வாசலில் பந்தோபஸ்து நிற்கும் காவலருக்கு இல்லை.

இந்த விதிகளைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது அவற்றின் பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியும். அரசின் பெயர் கெடக்கூடாது, அரசின் ரகசியம் வெளியே போகக்கூடாது, அரசுக்குத் தெரியாமல் சொத்து சேரக்கூடாது, மேலதிகாரி சொல்லைத் தட்டக்கூடாது. இவையெல்லாம் தேவையானவையே. ஆனால் நள்ளிரவில் நிலையத்துக்கு இழுத்து வரப்பட்ட ஒரு மனிதரை எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்வி அந்தப் பழைய பட்டியலின் நடுவில் இல்லை. காவலரை மேலே அண்ணாந்து பார்க்கச் சொல்லி எழுதிய விதிகள் அவை. எதிரே நிற்கும் குடிமகனைப் பார்க்கச் சொன்ன விதிகள் ஒவ்வொன்றும் மிகத் தாமதமாக, பெரும்பாலும் ஒரு பிணத்துக்கோ ஒரு வழக்குக்கோ பிறகுதான் வந்தன. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான். அதற்கான சாட்சியத்தைத் தேடி வடலூரிலிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் காவல்துறையின் பிறப்பே ஒரு சித்திரவதை விசாரணையிலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பவர்களும் காவல் செய்பவர்களும் ஒரே ஆட்களாக இருந்த காலம் அது. வரி கட்டாதவரையும் திருட்டுச் சந்தேகத்தில் சிக்கியவரையும் அவர்கள் ஒரே விதமாகக் கையாண்டார்கள். குச்சிகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது கிட்டி. ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். இதைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழ, 1854-இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட சென்னைச் சித்திரவதை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நேரில் நடந்து வந்தும் கடிதம் எழுதியும் புகார் கொடுத்தார்கள். 1855-இல் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை பரவலாக இருக்கிறது என்றதோடு நிற்கவில்லை. அடிபட்டவனுக்கு நியாயம் கேட்டுப் போக இடமில்லை என்பதையும் பதிவு செய்தது. அடித்தவரிடமே போய் முறையிட வேண்டிய நிலை. அந்த அறிக்கையின் விளைவாக வருவாய்த்துறையிலிருந்து காவல் பிரிக்கப்பட்டு, 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் வந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1867-இல், வடலூரில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையில் அடுப்பை மூட்டினார். பசித்து வந்தவர் யார், என்ன சாதி, என்ன குற்றம் செய்தவர் என்று கேட்காமல் சோறு போடுவதற்கான அடுப்பு. அது இன்றுவரை அணையவில்லை. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தப் பகுதிக்குத் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1997-இல் தலைவர்கள் பெயர் தாங்கிய மாவட்டங்களெல்லாம் ஊர்ப் பெயருக்குத் திரும்பியபோது அது கடலூர் மாவட்டமானது. உயிர்களிடத்தில் இரக்கத்தையே வழிபாடாகச் சொன்னவரின் பெயர் மாவட்டத்துக்கு வந்த அந்த 1993-இல்தான், ஆறு மாதம் முன்னால், வடலூரிலிருந்து மேற்கே நெய்வேலியைத் தாண்டிப் போகும் விருத்தாசலம் சாலையில் உள்ள கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு ராஜாக்கண்ணு கொண்டுவரப்பட்டார்.

அவர் முதனை கிராமத்தைச் சேர்ந்தவர். குறவர் சமூகம். அறுவடை வேலைக்குக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் வருபவர். பக்கத்தில் கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் நகை திருடு போனது. ராஜாக்கண்ணு குடும்பம் அங்கே வேலை செய்திருந்தது. சந்தேகம் அவர்மேல் விழுந்தது. மார்ச் மாதத்தில் போலீஸ் முதனைக்குப் போனபோது அவர் வீட்டில் இல்லை. மனைவி பார்வதியையும் பிள்ளைகளையும் உறவினரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ராஜாக்கண்ணுவும் பிடிபட்டார். சாப்பாடு எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போன பார்வதி, உடுப்பில்லாமல் கட்டிவைத்து அடிக்கப்பட்டு ரத்தம் வழிய நின்ற கணவரைப் பார்த்தார். கெஞ்சியவரையும் அடித்துத் துரத்தினார்கள். அடுத்து நிலையத்தார் சொன்னது, ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்பது.

இந்த இடத்தில் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அன்றைக்கும் கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர்முன் நிறுத்தவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொன்னது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. அடித்து வாங்குகிற வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை என்று 121 ஆண்டுகளாக எழுதியிருந்தது. துன்புறுத்தல் புகார் வந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்று காவல் நிலை ஆணைகளிலும் ஏற்பாடு இருந்தது. மத்திய உள்துறை 1985 ஜூலையில் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பிய காவலர் நன்னடத்தைக் கோட்பாடு அதற்கும் மேலே போனது. காவலர்கள் நீதிமன்றத்தின் வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டு யாரையும் தண்டிக்கக்கூடாது, தங்களும் பொதுமக்களில் ஒரு பகுதியே என்பதை மறக்கக்கூடாது, தனிவாழ்க்கையையும் மாசில்லாமல் வைத்துக்கொண்டு வீட்டிலும் பணியிலும் ஒருசேர நேர்மையாக இருக்கவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆக, விதி இல்லாமல் ராஜாக்கண்ணு சாகவில்லை.

பார்வதி கையில் இருந்தது ஒன்றும் இல்லை. எழுத்து இல்லை, பணம் இல்லை, சாதியின் துணை இல்லை. கம்மாபுரத்து மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்கள் அவரோடு நின்றார்கள். சென்னையில் வழக்கறிஞர் கே. சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். காணாமல் போன ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்பதற்கான மனு அது. ஆளைக் கொண்டுவர முடியவில்லை. உண்மை வந்தது. வழக்கு 13 ஆண்டுகள் இழுத்து, 2006-இல் உயர் நீதிமன்றத்தில் காவலர்களின் குற்றம் உறுதியாகி நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. சந்துரு பின்னர் அதே நீதிமன்றத்தில் நீதிபதியானார். 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ படம் இந்தக் கதையை உலகத்துக்குச் சொன்னது. படத்தில் குடும்பம் இருளர்களாக வருகிறது. நிஜத்தில் அவர்கள் குறவர்கள். படம் வந்த பிறகுதான், பார்வதி இன்னும் வறுமையில் இருக்கிறார் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. தண்டனை தாமதமாகவாவது வந்தது. விதவைக்குரிய வாழ்க்கை உதவி அதைவிடத் தாமதமானது.

ராஜாக்கண்ணு பிடிபட்டதற்கு முந்தைய ஆண்டு, 1992-இல், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் நந்தகோபால் என்ற தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். கணவரைத் தேடிச் சென்ற மனைவி அங்கேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். ஒரே மாவட்டத்தில் ஒரு வருட இடைவெளியில் இரண்டு நிலையங்கள். இரண்டிலும் சாப்பாடோ விசாரிப்போ கொண்டுவந்த மனைவிதான் சாட்சி.

நாடு முழுவதுக்குமான மாற்றம் 1996 டிசம்பர் 18 அன்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் வந்தது. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சட்ட உதவி அமைப்பின் நிர்வாகி பாசு, காவல் மரணச் செய்திகளைப் படித்துவிட்டு 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே அந்த வழக்கு. தீர்ப்பின் 11 கட்டளைகளும் எளிமையானவை. கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தவரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். உறவினருக்குத் தகவல் போகவேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்கவேண்டும். கட்டுப்பாட்டு அறைப் பலகையில் கைதானவர் பெயர் இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் ராஜாக்கண்ணுவின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் எந்தக் கட்டளை அவர் உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கும் என்று விரல்விட்டுச் சொல்லலாம். இன்று அவற்றின் சாரம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இடம்பெற்றிருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்டதால் நெய்வேலி வட்டாரம் மாறிவிட்டதா? 2020 அக்டோபர் இறுதியில் பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூரைச் சேர்ந்த முந்திரி வியாபாரி ஒருவரைத் திருட்டு வழக்கில் நெய்வேலி டவுன்ஷிப் போலீஸ் கைது செய்தது. விருத்தாசலம் கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட அவர் நவம்பர் முதல் வாரத்தில் இறந்தார். நிலையத்தில் அடித்ததால்தான் என்று மனைவி புகார் கொடுத்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ராஜாக்கண்ணு வழக்கை மையமாகக் கொண்ட படம் வெளியாவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, அதே சாலையில் நடந்தது இது.

நெய்வேலிக்காரர்களுக்கு இரண்டு காக்கி தெரியும். ஊருக்குள் மாநிலப் போலீஸ், சுரங்க வாசலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை. இரண்டுக்கும் தலைமை வேறு, நடத்தை விதி வேறு. 2014 மார்ச் 17 அன்று சுரங்க வாயிலில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தொழிலகப் பாதுகாப்புப் படைவீரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். தொழிலாளர்கள் கொதித்தெழுந்தபோது அவர்களை எதிர்கொண்டு நிற்கவேண்டி வந்தது மாநிலப் போலீஸ். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியது. 28-ஆம் தேதி நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சியின் முற்றுகைப் போராட்டம் கலவரமாகி, கல்வீச்சு நடந்து, காவலர்கள் காயமடைந்து, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. கல் விழும்போது நிதானத்தோடு இரு, முடிந்தவரை குறைந்த பலத்தைப் பயன்படுத்து என்று 1985-ஆம் ஆண்டுக் கோட்பாடு சொல்வதை அந்த நிமிடத்தில் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை, மண்டை உடைந்த காவலரின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். அந்தக் காவலர்களில் பலர் வளையமாதேவி போன்ற ஊர்களின் விவசாயிகள் பெற்ற பிள்ளைகள்.

பணியில்லாத நேரத்து நடத்தைக்கு வருவோம். இங்கே துறையின் கை மிக நீளம். ஒரு முஸ்லிம் காவலர் 2018-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மக்காவுக்குப் போனார். திரும்பி வந்து, காலில் தொற்று என்று விடுப்பை நீட்டிக்கக் கேட்டபோது அவர் தாடி வைத்திருந்தது அதிகாரியின் கண்ணை உறுத்தியது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, 3 ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். மேல்முறையீட்டில் அது 2 ஆண்டானது. 2024 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்தத் தண்டனையை ரத்து செய்தார். முஸ்லிம் காவலர்கள் பணியில் இருக்கும்போதும் சீராகத் தாடி வைத்துக்கொள்ளலாம் என்று 1957-இலேயே சென்னைக் காவல் அரசிதழில் ஆணை இருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். தாடிக்கு நீட்டிய அதே கை வேறு இடங்களில் மடங்கியே இருந்ததுதான் வருத்தம் தருவது.

ஆர்டர்லி முறையை எடுத்துக்கொள்ளலாம். அதிகாரியின் வீட்டில் காய்கறி வாங்கவும் துணி துவைக்கவும் நாயைக் குளிப்பாட்டவும் பயிற்சி பெற்ற காவலர்களை நிறுத்தும் வழக்கம். 1979-இலேயே தமிழக அரசு இதை ஒழித்து ஆணையிட்டது. 43 ஆண்டுகள் கழித்து, 2022-இல், காவலர் குடியிருப்பைக் காலி செய்வது பற்றிய ஒரு வழக்கு நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம்முன் வந்தபோது, அந்த முறை அப்படியே இருப்பது தெரியவந்தது. அவர் கடுமையாகக் கண்டித்த பிறகே பலர் வீடுகளிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். மேலதிகாரி காவலரை வேலைக்காரனாக நடத்தினால், அந்தக் காவலர் நிலையத்துக்கு வரும் ஏழையை எப்படி நடத்துவார் என்பது தனி ஆய்வுக்குரிய கேள்வி. தொடர்பு இருக்கிறது என்றே இக்கட்டுரையாளர் நம்புகிறார்.

அதிகாரப் படிக்கட்டின் உச்சியில் இருப்பவருக்கும் அதே விதிதான் என்பதை விழுப்புரம் நீதிமன்றம் காட்டியது. 2021 பிப்ரவரியில் முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பந்தோபஸ்தின்போது, அன்றைய சட்டம் ஒழுங்குச் சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தன்னோடு காரில் வந்த பெண் எஸ்.பி. ஒருவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார். புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பிய அவரைப் பரனூர் சுங்கச்சாவடியில் இன்னொரு எஸ்.பி. படையோடு மறித்தார். 2023 ஜூன் மாதம் தாஸுக்கு 3 ஆண்டு சிறையும், மறித்தவருக்கு அபராதமும் விதிக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஐ.பி.எஸ். அதிகாரியான ஒரு பெண்ணையே தடுத்து நிறுத்த ஒரு சுங்கச்சாவடி போதுமானதாக இருந்தது. பார்வதி கம்மாபுரத்திலிருந்து சென்னைவரை போன தூரத்தை இதை வைத்து அளந்து பார்க்கலாம்.

எப்போதும் போலீஸ் என்பதன் பயங்கரமான பக்கத்தை லண்டன் பார்த்தது. 2021 மார்ச் 3 இரவு, பணியில் இல்லாத வெய்ன் கசன்ஸ் என்ற காவலர், தன் அடையாள அட்டையைக் காட்டி, கைவிலங்கு மாட்டி, சாரா எவரார்ட் என்ற 33 வயதுப் பெண்ணைக் கைது செய்வதுபோல் நடித்துக் கடத்திக் கொன்றார். இங்கிலாந்தின் காவலர் நடத்தை விதிகள், பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் துறைக்கு இழுக்கு வரும்படி நடக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. அவர்மேல் முன்பே அநாகரிக நடத்தைப் புகார்கள் இருந்தன, அவற்றைத் துறை துருவிப் பார்க்கவில்லை என்று 2024-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது. சின்னப் புகார் என்று தள்ளிவைத்த தாளில்தான் பெரிய குற்றத்தின் முதல் வரி இருந்தது.

தமிழ்நாட்டு விதிப்புத்தகம் குடிமகனின் பக்கம் திரும்பிய ஒரு நல்ல தருணமும் உண்டு. வீட்டார் கொடுமைக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள், தங்களைச் சேர்ந்து வாழ விடவேண்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு வேண்டும் என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்திய நீதிமன்ற வரலாற்றில் அரிதான பணிவு அது. அவர் வற்புறுத்தியதன் பேரில் 2022-இல் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 24-சி என்ற புது விதி சேர்ந்தது. பால்புதுமையினரையோ அவர்கள் நலனுக்காக உழைப்பவர்களையோ எந்தக் காவல் அலுவலரும் துன்புறுத்தக்கூடாது என்கிறது அது. முறைப்படியான விசாரணைக்குத் தடையில்லை. ஆண்டுதோறும் சித்திரையில் பழைய தென்னாற்காட்டின் கூவாகத்துக்குப் போகும் திருநங்கைகள் வழியெல்லாம் சந்திக்கும் காக்கிச் சட்டைக்கு, அவர்களைப் பற்றிய கடமை இன்னது என்று நடத்தை விதியிலேயே எழுத்தில் வந்தது அப்போதுதான். அரசின் மானத்தையே பேசிவந்த ஒரு புத்தகத்துக்குள் ஒரு குடிமகளின் மானம் நுழைந்தது.

விதியை மீறியவரை விசாரிப்பது யார்? 1855-ஆம் ஆண்டு அறிக்கை எழுப்பிய கேள்வி இது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்கும் போலீஸ் புகார் ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் சட்டம் இயற்றியது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், மாவட்டத்தில் ஆட்சியர். போலீசை நடத்துகிறவர்களே போலீஸ்மீதான புகாரையும் கேட்கும் ஏற்பாடு. நெய்வேலியில் அடிபட்ட ஒருவர் கடலூரில் ஏறவேண்டிய படி, அடித்தவரின் மேலதிகாரி ஏறும் அதே படி. மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது ஓரளவு ஆறுதல்.

காவலரின் உடலையும் இதில் மறக்கக்கூடாது. வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை அரசாணை வந்தது 2021-இல்தான். அதுவரை வார விடுமுறை என்பதே உரிமையாக இல்லாத மனிதரிடம், எப்போதும் நிதானமாக இரு என்று விதி கேட்டுவந்தது. பந்தோபஸ்து முடிந்து பாரா, பாரா முடிந்து ரோந்து என்று தூக்கம் கெட்ட உடம்பில் பொறுமை எங்கிருந்து வரும்? இது சித்திரவதைக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் நடத்தை விதி எழுதுகிறவர்கள் பணிநேர விதியையும் சேர்த்து எழுதியிருக்கவேண்டும்.

விதி உயிர்பெறும் கணத்தைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் பிடித்துச் செல்லப்பட்டு, சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அனுப்பிய கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் நிலையத்துக்குப் போனபோது, காவலர்கள் அவரையே மரியாதையில்லாமல் பேசினார்கள். கேமரா பதிவுகள் தினமும் அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. அந்த இரவில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விடியவிடிய அடித்ததையும் லத்தியில் ரத்தம் படிந்திருந்ததையும் சொன்னார். வெளியே சக காவலர்கள் கூடி நின்றார்கள். கையெழுத்துப் போட அவர் அஞ்சினார், பாதுகாப்பு உறுதி கிடைத்த பிறகு போட்டார். சட்ட அமலாக்க அலுவலர்களுக்காக 1979 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நடத்தைக் கோவையின் எட்டாவது பிரிவு, விதிமீறலைக் கண்டால் தடுக்கவும் தெரிவிக்கவும் வேண்டும் என்கிறது. ரேவதிக்கு அந்தப் பிரிவு தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. சங்கம் இல்லாத, பத்திரிகையோடு பேச முடியாத ஒரு தலைமைக் காவலர், குழந்தைகளைப் பெற்ற ஒரு தாய், நடுவரின் முன் அந்தத் தாளில் பெயர் எழுதினார்.

கம்மாபுரத்தில் அப்படி ஒருவர் இல்லை. அங்கே தப்பி ஓடிவிட்டார் என்ற கதைதான் பேசப்பட்டது. ஆனால் அதே மார்ச் மாதத்தில், மாவட்ட எல்லையைத் தாண்டி அன்றைய திருச்சி மாவட்டத்தில் இருந்த மீன்சுருட்டி காவல் நிலையம், அடையாளம் தெரியாத ஆண் பிணம் என்று ஒரு பதிவு எழுதி, பிரேதப் பரிசோதனைக்கும் அனுப்பியிருந்தது. ஓடிப்போனதாகச் சொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவைத் தேடியவர்கள் பின்னால் வந்து சேர்ந்தது அந்தப் பதிவிடம்தான். வடலூர் நான்கு முனைச் சந்திப்பிலிருந்து மேற்கே திரும்பினால் நெய்வேலி வழியாகக் கம்மாபுரம். தெற்கே கும்பகோணம் சாலையில் சேத்தியாத்தோப்பைத் தாண்டிப் போனால் மீன்சுருட்டி.